உங்களுக்குத் தெரியுமா? – இரைச்சலும் இயர் பிளக்கும்

● 90 டெசிபல் சத்தம் போடும் விசைத்தறி ஒன்று ஓடுகிறது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றையும் ஓடவிட்டால் மொத்தச் சத்தம் எவ்வளவு? 180 என்று நினைத்தால் தப்பு. 93தான். பத்துத் தறி ஓடினால் 100. டெசிபல் கணக்கு அப்படி: சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கானால் எண் 3 கூடும், பத்து மடங்கானால் 10 கூடும். ஆகவே “மூணு டெசிபல்தானே கூடியிருக்கு” என்று யாராவது சொன்னால், காதில் விழும் அடி இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். இது ஒன்று பிடிபட்டால் இந்தப் பக்கத்தில் உள்ள மற்றதெல்லாம் சுலபம்.

● அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் சொல்லும் கணக்கு இது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2. 94 என்றால் ஒரே ஒரு மணி நேரம். 100-ஐத் தொட்டால் 15 நிமிடம். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து பந்திக்குக் காத்திருப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

● நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் உள்ள வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். அதாவது நையோஷ் சொல்வதைவிட 5 அதிகம். “எங்க மில்லுல சத்தம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு” என்று மேற்பார்வையாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். காதும் கெடலாம்.

● சத்தத்தை அளக்கும் மீட்டர் இல்லையா? ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச முடிகிறது என்றால், அங்கே 85-ஐத் தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நையோஷ் நிறுவனமே ஓர் இலவசச் செயலி தருகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் மைக் ஆளுக்கொரு தினுசு. அதில் வரும் எண்ணை உத்தேசமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

● பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன் ஒன்றில் நுழைந்து பாருங்கள். சாதாரண விசைத்தறியில் மரநாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்து விரட்டப்படுகிறது. போய் முட்டிய வேகத்தில் திரும்ப அடிபடுகிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் மரத்தில் இரும்பும் தோலும் மோதும் சத்தம். ஒரு தறிக்கு இது. இருபது தறிக்கு? ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வெறும் சிமென்ட் சுவரும் அந்தச் சத்தத்தை வெளியே விடாமல் திருப்பித் திருப்பி அனுப்புகின்றன. தறிக்கூடங்களில் 95 டெசிபலுக்கு மேல் இருப்பது சாதாரணம். அங்கே நிற்பவரிடம் “இவ்வளவு சத்தத்துல எப்படிங்கண்ணா?” என்று கேட்டால், முதல் தடவை கேட்காது. இரண்டாம் தடவை உங்கள் உதட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “பழகிப்போச்சுங்க.”

காது எதற்கும் பழகுவதில்லை. பழகியதாகத் தோன்றுவது கேட்கும் செல்கள் குறைந்துவிட்டதன் அடையாளம். இரைச்சல் பாதிப்பின் அறிகுறிகளிலேயே அதிகம் ஏமாற்றுவது இந்த ‘பழகிப்போச்சு’தான்.

● ஒரு காதில், ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் சுமார் 15,000 மட்டுமே. கண்ணோடு ஒப்பிட்டால்தான் இதன் சிக்கனம் விளங்கும்: விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல். போன மயிர்ச் செல் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கும் குருவிக்கும் முளைக்கும். 1988-இல் இது ஆய்வில் உறுதியானதிலிருந்து, பறவைக்கு நடப்பதை மனிதனிடம் நடத்திக் காட்ட முடியுமா என்று ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். இன்றுவரை மருந்துக் கடையில் அதற்கு ஒன்றும் இல்லை.

● இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள கேட்கும் திறனை. உயிரெழுத்துகளின் ஓசை அதற்குக் கீழே இருக்கிறது, அதனால் தப்பிக்கிறது. ச, ஸ, ட, த போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது, அதனால் போய்விடுகிறது. ‘காசு’ எது, ‘காது’ எது என்று குழம்பும். “பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல” என்று வீட்டில் யாராவது சொன்னால் அது கவனக்குறைவு என்று சண்டைக்குப் போகாதீர்கள். பேத்தியின் கீச்சுக்குரல் முதலில் போகும். பெரியவரின் கட்டைக்குரல் கடைசி வரை கேட்கும். ‘வேணும்னா கேக்குது, வேண்டாம்னா கேக்கல’ என்று மருமகள்கள் குறைப்பட்டுக்கொள்வதற்குப் பின்னால் பல வீடுகளில் இந்த 4,000 ஹெர்ட்ஸ்தான் இருக்கிறது.

● தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடி என்று கருதப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாத்சினி, வெனிஸ் நகரத்துச் செம்புத் தட்டர்களைப் பற்றி 1713-இல் வெளிவந்த தம் நூல் பதிப்பில் எழுதினார். நாள் முழுக்கப் பாத்திரம் தட்டும் அவர்களுக்கு முதலில் காது மந்தமாகி, வயதானால் முழுக்கச் செவிடாகிவிடுகிறது என்று கண்டார். முந்நூறு ஆண்டு கழித்து, திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்றவர்களுக்கு அவர் எழுதியதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

● 1886-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரின் காதைச் சோதித்தார். கையிலிருந்த கருவி ஒரு கடிகாரம்! எவ்வளவு தூரத்திலிருந்து டிக் டிக் கேட்கிறது என்பதுதான் தேர்வு. நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. கொதிகலனுக்கு உள்ளே உட்கார்ந்து, வெளியே அடிக்கும் ஆணியைத் தாங்கிப் பிடிப்பவர்களின் நிலைமைதான் மிக மோசம். இதே கடிகாரத்தைத் தபால்காரர்களிடமும் காட்டி ஒப்பிட்டுப் பார்த்தார் என்பது பாரின் சாமர்த்தியம்.

● பெரிய சத்தம் கேட்டால் காது தன்னைத் தானே காத்துக்கொள்ளுமா? கொஞ்சம். நடுக்காதில் உள்ள ஸ்டேபிடியஸ் என்ற தசை, உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புத் தசை, சத்தம் வந்ததும் இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கிறது. ஆனால் அது இறுகுவதற்குள் அணுகுண்டுப் பட்டாசு வெடித்து முடிந்துவிடும். தறிச் சத்தம் போல மணிக்கணக்கில் நீடித்தால் தசை களைத்துவிடும். ஆக, இரண்டிலும் அதை நம்ப முடியாது.

● “நான் பஞ்சு வெச்சுக்கறேனே!”

வீட்டுப் பஞ்சு அதிகபட்சம் குறைப்பது ஏழு டெசிபல் போல. அதுவும் நன்றாக அடைத்தால். காற்று புகும் எதிலும் சத்தம் புகும். காதை அடைத்துவிட்டோம் என்ற நிம்மதியை மட்டும் பஞ்சு முழுசாகக் கொடுக்கிறது, அதுதான் ஆபத்து. கைக்குட்டையைக் கிழித்து வைப்பதும், டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைப்பதும் இதே ரகம்.

● மெழுகில் தோய்த்த பஞ்சு வேறு கதை. காது வழியின் வடிவத்துக்கு வளைந்து கொடுத்து இடைவெளியை அடைத்துவிடும். 1907-இல் பெர்லின் மருந்தாளுநர் மாக்ஸ் நெக்வர் இப்படி ஒன்றைச் செய்தார்; ‘ஓரோபாக்ஸ்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கிரேக்கக் காவியத்தில் மோகினிகளின் பாட்டுக்கு மயங்கிவிடாமல் இருக்க மாலுமிகளின் காதில் மெழுகு அடைக்கும் கட்டம் வருகிறதல்லவா, யோசனை அங்கிருந்து வந்தது. எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா அதன் வாடிக்கையாளர். கம்பெனி இன்றும் ஓடுகிறது.

● இன்று மில்களில் பார்க்கும் மஞ்சள் நிற ஸ்பான்ஞ் பிளக்கின் மூலப்பொருள் 1967-இல் அமெரிக்காவில், வேறு வேலைக்காகச் செய்த ஆராய்ச்சியில் கிடைத்தது. ராஸ் கார்ட்னர் என்பவரின் குழு, அதிர்வை உறிஞ்சும் ஒரு பிசினைத் தேடிக்கொண்டிருந்தது. நசுக்கினால் உடனே எழாமல் மெதுவாக உப்பும் அந்தப் பொருள் 1972-இல் காது பிளக்காகக் கடைக்கு வந்தது. அந்த ‘மெதுவாக’ என்பதில்தான் அதன் பயனெல்லாம் இருக்கிறது. உப்புவதற்குள் காதுக்குள் வைத்துவிட வேண்டும்.

● எப்படி வைப்பது என்று கற்றுக்கொடுக்காமல் பிளக்கை மட்டும் கொடுத்தால் அது பாதிக் காதுதான் காக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கையைக் கழுவித் துடையுங்கள். பிளக்கை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். சப்பையாக நசுக்கக் கூடாது, மடிப்பு விழக் கூடாது. ஊதுவத்திக் குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாக வரும் வரை உருட்ட வேண்டும். இப்போது வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலின் மேல் நுனியை மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். காது வழி நேர்க்குழாயாக இருப்பதில்லை, வளைந்திருக்கிறது, இழுத்தால்தான் நேராகும். உருட்டிய பிளக்கை உள்ளே தள்ளி, விரல் நுனியால் அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவது இந்த அரை நிமிடத்தைத்தான். விரலை எடுத்துவிட்டால் உப்பும் ஸ்பான்ஞ் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

சரியாக உட்கார்ந்ததா? இரண்டு சோதனை. எதிரில் நிற்பவர் உங்களை நேராகப் பார்த்தால் பிளக்கின் முனை அவர் கண்ணில் படக் கூடாது. அடுத்து, ஓடும் தறிக்குப் பக்கத்தில் நின்று இரு உள்ளங்கைகளாலும் காதை இறுகப் பொத்தி எடுங்கள். பொத்தும்போது சத்தம் இன்னும் குறைகிறது என்றால் பிளக் சரியாக அடைக்கவில்லை, எடுத்துத் திரும்ப வையுங்கள். பொத்தினாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி இருந்தால் சரி. சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போல ஒலித்தால் பயப்படாதீர்கள், அதுவும் நல்ல அறிகுறிதான்.

● எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. லேசாகத் திருகி, மெதுவாக எடுங்கள்.

● ஒரே ஆளுக்கு வலது காது வழியும் இடது காது வழியும் வெவ்வேறு அளவில் இருப்பது உண்டு. ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி கழன்று விழுந்தால் அந்தக் காதுக்கு வேறு அளவு பிளக் வேண்டும்.

● பாக்கெட்டில் ‘என்.ஆர்.ஆர். 29’ என்று, சத்தத்தைக் குறைக்கும் அளவு போட்டிருக்கும். அப்படியானால் 100 டெசிபல் இடத்தில் காதுக்கு 71தான் போகும் என்று கணக்குப் போடுவது இயல்பு. ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டபோது வந்த எண் அது. ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் வைப்பவருக்கு அவ்வளவு கிடைக்காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்லும் குறுக்குவழி: அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழி, மீதியைப் பாதியாக்கு. 29-7=22; பாதி 11. ஆகவே 100 டெசிபல் இடத்தில் 89 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியச் சரக்கில் எஸ்.என்.ஆர். என்று வேறு எண் இருக்கும். சோதனை முறை வேறு என்பதால் பார்வைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ‘இது பெரிசு’ என்று வாங்கக் கூடாது. நம் நாட்டுத் தரக்குறியீடு ஐ.எஸ். 9167.

● இனி, இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கணக்கு. 30 டெசிபல் குறைக்கும் மிக உயர்ந்த ரகக் காப்பு ஒன்றை 8 மணி நேர ஷிப்டில் ஏழரை மணி நேரம் போட்டிருக்கிறீர்கள். அரை மணி நேரம் மட்டும் எடுத்துவிட்டீர்கள், அதே சத்தத்தில். மொத்தத்தில் கிடைத்த பாதுகாப்பு எவ்வளவு? 28? 25? வெறும் 12. ஐந்தே நிமிடம் எடுத்திருந்தாலும் 20-க்குக் கீழே இறங்கிவிடும். கொசுவலையில் ஓர் ஓட்டை இருந்தால் மீதி வலை எவ்வளவு நெருக்கம் என்பதால் என்ன பயன்?

இதிலிருந்து வருவதுதான் தேர்வு விதி: பெரிய எண் போட்டு உறுத்தும் காப்பைவிட, சின்ன எண் போட்டு நாள் முழுக்க உறுத்தாமல் இருக்கும் காப்பு மேல். கடைக்காரர் எண்ணைக் காட்டுவார். நீங்கள் காதைக் கேளுங்கள்.

● அளவுக்கு மீறி அடைப்பதும் தவறு. காதுக்குள் போகும் சத்தம் 70 முதல் 80 டெசிபலுக்குள் இருப்பதுதான் ஐரோப்பியத் தரவிதி சொல்லும் நல்ல இலக்கு. 70-க்குக் கீழே போனால் ஃபோர்க்லிஃப்ட் ஹாரனும் கேட்காது, பின்னால் “தள்ளுங்கண்ணா!” என்று கத்துவதும் கேட்காது. எரிச்சலில் ஆளே கழற்றி வைத்துவிடுவார். 88 டெசிபல் இடத்துக்கு ராக்கெட் ஏவுதளத்துக் காப்பு வேண்டாம்.

● பிளக்கா, தலையில் மாட்டும் இயர் மஃப்பா? வேலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நூற்பு மில்லில் நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் ஏற்றிவைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் மஃப்புக்குள் வியர்வை ஊற்றும், ஒரு மணி நேரத்தில் கழற்றிக் கழுத்தில் போட்டுவிடுவார்கள். அங்கே பிளக். மரக்கடையில், வெல்டிங் பட்டறையில், கல் அறுக்கும் இடத்தில் கிரைண்டர் ஐந்து நிமிடம் ஓடும், பத்து நிமிடம் நிற்கும். கையெல்லாம் கிரீஸ், தூசு. அந்தக் கையால் ஸ்பான்ஞ்சை உருட்டிக் காதில் வைத்தால் காதுக்கு வேறு வியாதி வரும். அங்கே மஃப். காதில் சீழ் வடிபவர்கள் பிளக் பக்கமே போகக் கூடாது, மருத்துவர் அனுமதித்தால் மஃப் மட்டும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு மஃப் முழுப் பலன் தராது. கண்ணாடிக் காம்பு காதருகே மெத்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சந்து வழியே சத்தம் புகும். தலைத்துண்டு, முக்காடு, காதை மூடிய முடி எல்லாம் அப்படித்தான். மெத்தை காய்ந்து வெடித்திருந்தால் மஃப்பை மாட்டியும் மாட்டாதது போலத்தான். மெத்தை மட்டும் தனியாக மாற்றக் கிடைக்கும்.

● கயிறு கோத்த பிளக் தொலையாது என்று வாங்குவார்கள். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் கயிறு வேண்டாம்.

● பிஸ்கட், சாக்லேட் தொழிற்சாலைகளில் நீல நிறப் பிளக் கொடுப்பது அழகுக்காக இல்லை. நீல நிற உணவு அபூர்வம் என்பதால் மாவில் விழுந்தால் உடனே கண்ணில் படும். உள்ளே ஒரு சின்ன உலோகத் துண்டும் வைத்திருப்பார்கள், கண்ணுக்குத் தப்பினாலும் உலோகம் கண்டறியும் கருவி பிடித்துவிடும்.

● திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. கம்ப்ரஸரும் துளைப்பானும் சேர்ந்தால் 100-ஐத் தாண்டும். 100-க்கு மேல் என்றால் பிளக்கும் வைத்து அதன் மேல் மஃப்பும் மாட்டச் சொல்கிறது நையோஷ். பிளக்கின் 29-ம் மஃப்பின் 25-ம் சேர்ந்து 54 கிடைக்குமா? கிடைக்காது. இரண்டில் பெரியதோடு 5 டெசிபல் போலக் கூடும், அவ்வளவுதான். மண்டை எலும்பு வழியாகவே உள்காதுக்கு அதிர்வு போய்விடுவதால் ஓர் அளவுக்கு மேல் எதாலும் தடுக்க முடியாது.

● அமெரிக்க ராணுவத்தினர் பலர் 2003-இலிருந்து சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய ஒரு பிளக், நீளம் போதாமல் காதுக்குள் தெரியாமலே தளர்ந்துவிடுகிறது என்று வழக்குகள் குவிந்தன. 2023-இல் தயாரிப்பாளரான 3எம் நிறுவனம் சுமார் 600 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. காதுக்குள் ஒரு சின்னச் சந்து எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த சாட்சி கிடைக்காது.

● இசையும் காதைக் கெடுக்குமா? லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் இசை நாடக ஒத்திகை. வயலா கலைஞர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடரின் பின்னாலேயே பித்தளைக் குழல் வாத்தியங்கள். உச்சச் சத்தம் 130 டெசிபலைத் தாண்டியது. அவர் காது நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. காதுக்குப் பிளக் கொடுத்திருந்தோம் என்று நிர்வாகம் வாதாடியும், 2018-இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

நம் ஊர் நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே ஆன வாத்தியங்கள். இன்று அவற்றைக் குளிர்சாதன மண்டபத்துக்குள் கொண்டுவந்து, போதாதென்று மைக்கும் வைக்கிறோம்! வாசிப்பவருக்கு ஸ்பான்ஞ் பிளக் உதவாது. அது மேல்ஸ்தாயியை அதிகமாகவும் கீழ்ஸ்தாயியைக் குறைவாகவும் வெட்டும். ஜால்ரா காணாமல் போகும், சொந்த ஊதல் மண்டைக்குள் முழங்கும். இசைக்கலைஞர்களுக்கென்று, எல்லா ஸ்வரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் 15 டெசிபல் குறைக்கும் வடிகட்டி பிளக் 1988-இலேயே வந்துவிட்டது. காது அச்சு எடுத்துச் செய்து தருவார்கள். விலை கூடுதல்தான். கச்சேரிக்கு மேடை அலங்காரம் செய்கிற சபாக்கள் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

● ‘நாய்ஸ் கேன்சலிங்’ ஹெட்போன், விமான இரைச்சல் போன்ற தாழ்ந்த, சீரான சத்தத்தை அதற்கு நேர் எதிரான ஒலி அலை அனுப்பி அழிக்கும். சம்மட்டி அடி, தறி அடி போன்ற திடீர்ச் சத்தத்தில் அதன் வித்தை பலிக்காது. பாதுகாப்புக் கருவி என்று சான்றிதழ் இல்லாத ஒன்றை நம்பித் தறிக்குடோனுக்குள் போகக் கூடாது. சாதாரண இயர்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்வது இன்னும் மோசம்: தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமைக் கூட்டுவீர்கள், காதுக்கு இரட்டை அடி. உலக சுகாதார நிறுவனம் இயர்போனுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். சிறுவர்களுக்கு 75.

● பிளக் வைத்தால் பேச்சு கேட்காது என்பது பாதி உண்மை. காது நன்றாக இருப்பவருக்கு 90 டெசிபல் இரைச்சலில் பிளக்கோடு பேச்சு அதே அளவு, சில சமயம் தெளிவாகவே புரியும். ஏற்கெனவே காது குறைந்தவருக்குத்தான் சிரமம். அதனால்தான் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே கொடுக்க வேண்டும். இருபது வருஷம் கழித்துக் கொடுத்தால் அவர் தூக்கி எறிவார், அவர் மேல் தப்பும் இல்லை.

● வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ நம் நாட்டில் அனுமதி இல்லை. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு: 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113. இரண்டு மீட்டரில் 131. திருப்பிப் பார்த்தால், பத்த வைத்துவிட்டுப் பத்து எட்டு கூடுதலாக ஓடுவதுதான் காசில்லாத காது காப்பு. குழந்தைகளுக்கு உச்சச் சத்தம் 120-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தைக்கு ஸ்பான்ஞ் பிளக் வைக்காதீர்கள், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். குழந்தை அளவு மஃப் கிடைக்கிறது. தேர்த்திருவிழாவில் செண்டை மேளத்துக்கு முன்னால் தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அப்பாக்களும் இதைப் படிக்கட்டும்.

● திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் காது அடைத்த மாதிரி இருந்து, மறுநாள் சரியாகிவிடுகிறது. சரியாகிவிட்டதா? 2009-இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளில் செய்த ஆய்வில், கேட்கும் திறன் திரும்பிய பிறகும் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதி வரை அழிந்துபோயிருந்தன.

● இரைச்சலால் காது கேளாமை, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இடம்பெற்றது. இ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. இழப்பீடு கேட்கலாம். ஆனால் வேலையில் சேர்ந்தபோது காது எப்படி இருந்தது என்று ஒரு தாள் கையில் இருந்தால்தான் வாதம் எடுபடும்.

● அந்தத் தாளின் பெயர் ஆடியோகிராம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுக்கலாம். இரைச்சலில் வேலை செய்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, பழைய தாளோடு சேர்த்து வையுங்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராகப் போய் உட்காராதீர்கள். தற்காலிக மந்தமும் சேர்ந்து தப்பான எண் வரும். சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது காதில் இரைச்சல் படாமல் இருக்க வேண்டும். வார லீவுக்கு மறுநாள் காலை, தறிக்குப் போவதற்கு முன்னால் போங்கள்.